ஏட்டிலே ஏறிய பெயர்

கேடி!

இந்தச் சொல்லைக் கேளாத தமிழர் உண்டா? தேநீர்க் கடை வாசலிலே வாய்ச்சண்டை மூண்டால் முதலிலே வந்து விழுவது இந்தச் சொல்தான். குறும்பு செய்யும் மகனைத் தாய் அதட்டுவதும் இதே சொல்லால்தான். கேடு என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தங்கை என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இது காவல் நிலையத்திலே பிறந்த பிள்ளை. வெள்ளையன் தன் காவல் நிலையங்களிலே ஒரு பேரேடு வைத்தான். நோன் டெப்ரடேட்டர் என்று அதற்குப் பெயர் சூட்டினான். தெரிந்த கொள்ளைக்காரன் என்று பொருள். ஆங்கிலத்திலே எழுதினால் முதற் சொல் கே என்ற எழுத்திலே தொடங்கும், வாயிலே மட்டும் அது ஒலிக்காது. அடுத்த சொல் டி என்ற எழுத்திலே தொடங்கும். கே, டி. அவ்வளவுதான்! அந்த இரண்டு எழுத்து ஏட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து, தமிழனின் வசைமொழியாகவே ஆகிவிட்டது.

ஏட்டின் வலிமையைப் பார்த்தீர்களா! எழுதியவன் கப்பலேறிப் போய்விட்டான். எழுதப்பட்டவன் மண்ணோடு மண்ணாகிவிட்டான். சொல் மட்டும் சாகவில்லை.

அந்த ஏட்டோடு மல்லுக்கு நின்ற ஒரு மனிதரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அவர் நம் கழகத்தவர் அல்லர். காங்கிரஸ்காரர். தமிழகத்திலே பிறந்தவரும் அல்லர். ஆனால் மதுரைச் சீமையின் கிராமங்களிலே இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ரோசாப்பூ துரை! பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்!

ஜோசப் என்ற பெயர் நாட்டுப்புறத்து நாவிலே புரண்டு ரோசாப்பு ஆயிற்று என்பார் சிலர். கோட்டிலே ரோஜாப்பூ செருகியிருப்பார், அதனாலே வந்த பெயர் என்பார் வேறு சிலர். எதுவானால் என்ன? பட்டம் கொடுத்தவர்கள் யார் என்பதல்லவா முக்கியம்! வெள்ளை அரசு கொடுத்த ராவ்பகதூர் பட்டம் அன்று அது. குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் முத்திரை குத்திய மக்கள், தங்கள் வழக்கறிஞருக்கு மனமுவந்து கொடுத்த பட்டம்.

1887 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5 ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சீமையிலே, செங்கன்னூரிலே பிறந்தார் ஜோசப். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே படிப்பு. பிறகு ஸ்காட்லாந்து சென்று எடின்பரோவிலே தத்துவம். பிறகு லண்டனிலே சட்டம். பின்னாளிலே பத்திரிகை உலகிலே புகழ் பெற்ற போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. 1909 இல் தாயகம் திரும்பினார். சென்னையிலே சிறிது காலம் இருந்தார், பிறகு மதுரைக்கு வந்தார். அக்காலத்திலே சீமைக்குப் போய் வந்த பாரிஸ்டருக்கு என்ன குறை? ஜமீன்தார் வழக்கு ஒன்று, ஆலை முதலாளி வழக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒரு பங்களா! அந்த வழி அவருக்குத் திறந்தே இருந்தது. மதுரை ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கத் துணை நின்ற கூட்டத்திலே போய் நின்றார் அவர். ஆலை முதலாளியின் வழக்குக் கட்டு அந்தப் பக்கம் எப்படி வரும்?

இனி ரேகைச் சட்டத்துக்கு வருவோம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் வடக்கே பிறந்தது. 1911 இல் அதைப் புதுக்கி எழுதினார்கள். சென்னை மாகாணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. 1914 முதற்கொண்டு மதுரை மாவட்டத்துக் கள்ளர் மக்கள் மீது படிப்படியாகப் பாய்ந்தது. அதன் அமைப்பை நிதானமாகக் கவனியுங்கள். ஒருவன் திருடினான், அகப்பட்டான், தண்டனை பெற்றான் என்றால் அது ஒரு சட்டம். இது அப்படிப்பட்டதன்று. ஒரு கூட்டத்தையே குற்றவாளிக் கூட்டம் என்று அரசு அறிவிக்கும். பிறகு அந்தக் கூட்டத்திலே பிறந்தவன் பெயரை ஏட்டிலே எழுதும். பத்து விரல் ரேகையையும் எடுக்கும். அவன் என்ன செய்தான் என்று கேட்பவர் இல்லை. யாருக்குப் பிறந்தான் என்பதே வழக்கு, அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு!

பெயர் ஏறிய ஆண்மகன் இருட்டியதும் காவல் நிலையத்துக்கோ சாவடிக்கோ வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். அயலூரிலே தங்கை வீட்டு விசேஷம் என்றாலும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ராத்திரிச் சீட்டு என்று அதற்கு ஊரார் வைத்த பெயர். மணமான அன்று இரவே மாப்பிள்ளை சாவடித் திண்ணையிலே படுத்த கதைகளை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சரி, அநியாயமாக ஏற்றப்பட்ட பெயரை எங்கே போய் அடிப்பது? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம் என்று ஒரு சந்து விட்டது சட்டம். ஆனால் இந்தக் கூட்டம் குற்றக் கூட்டந்தானா என்ற அடிப்படைக் கேள்வியை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று அதே சட்டம் வாயிற்கதவைத் தாழிட்டது. பழைய தண்டனைக்கும் அதிலே தனிக் கணக்கு உண்டு. ஏட்டிலுள்ள கூட்டத்தான் குறிப்பிட்ட குற்றங்களிலே இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுதும் நாடு கடத்தல். பழைய பக்கத்தைப் புரட்டித்தான் புதிய தண்டனையை அளந்தார்கள்.

பிள்ளைகளையாவது விட்டார்களா? இல்லை! பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைப் பெற்றவரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளி, சீர்திருத்தப் பள்ளி என்று கொண்டுபோய் அடைக்கவும் அந்தச் சட்டம் அதிகாரம் தந்தது. பையன் ஒரு வெள்ளரிப் பிஞ்சைக்கூடத் திருடியிருக்க மாட்டான். தகப்பன் பெயர் ஏட்டிலே இருந்தது, போதாதா?

1920 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் உசிலம்பட்டிச் சீமையிலே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை கொடுக்க மறுத்தார்கள். துப்பாக்கி பேசிற்று. ஒரு பெண் உள்படப் பதினாறு பேர் மாண்டார்கள். ஏட்டிலே பெயர் எழுத இடங்கொடோம் என்றதற்குப் பதினாறு உயிர்! ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. ஜாலியன்வாலாபாக் பாடப் புத்தகத்திலே ஏறிற்று. பெருங்காமநல்லூர் நெடுங்காலம் ஏறவில்லை. அது ஏன் என்று வரலாறு எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1920 இல், அதே சென்னை மாகாணத்திலே, சிறுவர் சட்டம் என்று ஒன்று நிறைவேறிற்று. இந்தியாவிலே மாகாணங்கள் இயற்றிய சிறுவர் சட்டங்களிலே அதுவே முதலாவது. வங்காளம் 1922 இல், பம்பாய் 1924 இல் அதைப் பின்பற்றின. தவறு செய்த சிறுவனைப் பெரியவனோடு சேர்த்துச் சிறையிலே தள்ளாதே, அவனுக்குத் தனி மன்றம் வை, திருந்த வழி செய் என்பது அந்தச் சட்டத்தின் கருத்து. ஒரு கை சிறுவனைத் தூக்கி நிறுத்துகிறது. மற்றொரு கை தவறே செய்யாத சிறுவனைத் தகப்பன் பெயரால் இழுத்துப் போகிறது. இரண்டும் ஒரே கோட்டையின் கைகள்!

நீதிமன்றக் கதவு இப்படிச் சாத்திக் கிடக்கும்போது ஒரு வக்கீலால் ஆவதென்ன? ஆனமட்டும் செய்தார் ஜோசப். அந்த மக்கள் மீது வந்த வழக்குகளிலே அவர்களுக்காக எழுந்து நின்றார். பத்திரிகைகளிலே அந்தச் சட்டத்தைக் கிழித்து எழுதினார். கருப்புக் கோட்டும் சீமைப் படிப்பும் உடைய ஒருவர், சாவடித் திண்ணையிலே படுத்து எழுந்தவனுக்காக வாதாடுகிறார் என்ற செய்தியே அன்று ஊர் ஊராய்ப் பரவியிருக்கும். ரோசாப்பூ என்ற பெயர் அப்படித்தான் முளைத்தது.

அவருடைய அரசியல் வாழ்வை விரிவாகச் சொல்ல இடமில்லை, விரைந்து சொல்லிவிடுகிறேன். அன்னிபெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்துக்காக இங்கிலாந்து புறப்பட்டவர்களிலே இவரும் ஒருவர். ஜிப்ரால்டரிலே கப்பலை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது பிரிட்டிஷ் அரசு. ரௌலட் சட்டத்தை எதிர்த்து மதுரையிலே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமை இயக்கம் வந்தது. கொழுத்த வருமானம் தரும் வக்கீல் தொழிலை உதறினார். மோதிலால் நேரு அலகாபாத்திலே நடத்திய இண்டிபெண்டன்ட் என்ற ஆங்கில நாளேட்டுக்கு ஆசிரியரானார். 1921 டிசம்பரிலே கைதானார். இவருக்குப் பிறகு அந்த ஏட்டை மகாதேவ தேசாய் கையாலேயே எழுதி வெளியிட்டார் என்பது பத்திரிகைத் தொழிலிலே இருக்கும் எங்களைப் போன்றவர்கள் நினைத்து நினைத்து மகிழும் செய்தி. 1923 இல் காந்தியார் சிறையிலிருந்தபோது யங் இந்தியா ஏட்டையும் ஜோசப் நடத்தினார்.

1924. வைக்கம்!

கோயிலுக்குள் போகும் உரிமைக்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காக நடந்த போர் அது. ஜோசப் அங்கே ஓடினார். கிறிஸ்தவராகிய நீர் இதிலே தலையிட வேண்டாம், இந்துக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்ற கருத்திலே காந்தியார் அவருக்குக் கடிதம் எழுதினார். தெருவிலே நடக்க ஒருவனுக்கு உரிமை இல்லை என்றால் அது இந்துவின் சொந்த விவகாரமா, மனிதனின் விவகாரமா? ஜோசப் ஏப்ரலிலே சிறை புகுந்தார். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராய் உள்ளே போய்க்கொண்டிருந்த அந்த வேளையிலே, ஈரோட்டுக்கு அழைப்பு அனுப்பியவர்களிலே ஜோசப்பும் ஒருவர். பெரியார் புறப்பட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நம் தோழர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவா வேண்டும்? அந்த அழைப்பிலே ரோசாப்பூ துரையின் கையும் இருந்தது என்பதை மட்டும் நினைவிலே வையுங்கள்.

அதற்குப் பின் அவருக்கும் காங்கிரசுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது, விலகினார், 1930 களிலே மீண்டும் சேர்ந்தார். அதைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். அது இன்றைய பேச்சன்று.

நம் விருதுநகருக்கு வருவோம்.

1933 ஆம் ஆண்டு. விருதுநகர் வெடிகுண்டு வழக்கு என்று ஒரு வழக்கு. அதிலே சிக்க வைக்கப்பட்டவர்களிலே ஒருவர் காமராசர். வயது முப்பது. பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர். அப்போதே சிறை சென்று மீண்டவர். காவல்துறையின் கண்ணிலே அவர் யார்? ஏற்கெனவே ஏட்டிலே இருக்கிற ஆள்! அவருக்காக எழுந்து நின்றவர்கள் இருவர். ஒருவர், சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி என்ற கொடுமையை எதிர்த்துப் பெரியாரோடு நின்ற டாக்டர் வரதராஜுலு நாயுடு. மற்றொருவர் ஜார்ஜ் ஜோசப். குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். காமராசர் வெளியே வந்தார்.

வராமற் போயிருந்தால்? வெடிகுண்டு வழக்குக் கைதி என்ற ஒரு வரி அவர் பெயருக்கு நேரே ஏறியிருந்தால்? நாட்டு விடுதலைக்குப் பிறகு அது பெருமையாக மாறியிருக்கும் என்பீர்கள். அரசியல் கைதிக்கு மாறும், தோழர்களே! அவனுக்குத் தியாகி என்று வேறொரு ஏடு உண்டு. பசியால் திருடிய பையனுக்கு அப்படி எந்த ஏடு இருக்கிறது? 1954 இல் காமராசர் முதலமைச்சரானார். அவர் கட்சி வேறு, நம் கழகம் வேறு. 1967 இல் இதே விருதுநகரிலே நம் மாணவர் ஒருவரை நிறுத்தி அவரைத் தோற்கடித்தவர்களும் நாம்தாம். ஆயினும் அந்த 1933 ஆம் ஆண்டு வழக்கிலே, ஏட்டை நம்பாமல் மனிதனை நம்பிய அந்த இருவரையும் நாம் மறப்பதற்கில்லை.

1937 இல், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்கள் சேர்ந்த தொகுதியிலிருந்து டில்லி மத்திய சட்டசபைக்கு ஜோசப் தேர்ந்தெடுக்கப்பட்டார். விருதுநகரும் சிவகாசியும் அன்று இராமநாதபுரம் மாவட்டம். ஆக, அவர் நம் வட்டாரத்தின் பிரதிநிதியுமாக இருந்தவர். அந்தப் பதவியிலே ஓராண்டுகூட இருக்கவில்லை. 1938 மார்ச் 5 ஆம் நாள் மதுரையிலே கண் மூடினார். வயது ஐம்பது.

ரேகைச் சட்டம் ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. சென்னை மாகாணத்திலே 1947 இல் ஒழிந்தது. நாடெங்கும் 1952 இல் ஒழிந்தது. ஒழிந்ததா? 1948 இலேயே சென்னையிலே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போயிற்று, ஏடு போகவில்லை. அட்டை மட்டும் மாறிற்று.

ஏடு போகாது என்பதற்கு நம் கண் முன்னே நடப்பதைச் சொல்லட்டுமா?

சிவகாசி வட்டாரத்திலே ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இந்தக் கட்டுரையே பெயர் வேண்டாம் என்பதற்காகத்தான். பதினாறு வயது. தகப்பன் பட்டாசு ஆலையிலே மருந்துக் கலவை அறையிலே. தாய் திரி பின்னுகிறாள். நண்பர் இருவரோடு சேர்ந்து யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பிடிபட்டான். தவறுதான், மறுக்கவில்லை. விருதுநகர் மாவட்ட இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டான். ஒரு நீதித்துறை நடுவரும் சமூகப் பணியாளர் இருவரும் சேர்ந்தது அந்தக் குழுமம். அந்த இருவரிலே ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரித்தார்கள். பெற்றோரிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலே ஓராண்டு இருக்கச் சொன்னார்கள். மூன்றாண்டு வரைக்கும் இப்படி விடச் சட்டத்திலே இடமுண்டு. பையன் அந்த ஓராண்டையும் ஒழுங்காகக் கழித்தான். அலுவலர் கூப்பிட்ட நாளெல்லாம் போனான். கணக்கு முடிந்தது.

முடிந்ததா? இருபத்தொரு வயதிலே அவன் ஓட்டுநர் வேலைக்கோ, காவலர் தேர்வுக்கோ, வெளிநாடு போகக் கடவுச்சீட்டுக்கோ மனுப் போடுகிறான். நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள். அங்கே ஒரு விரல் பழைய பக்கத்தைப் புரட்டுகிறது. பையன் மேல் ஒரு கேஸ் இருந்தது என்று ஒரு வரி. வேலை போயிற்று. அப்பன் கலந்த மருந்தை மகனும் கலக்கப் போகிறான். கோடையிலே உராய்வினால் வெடித்து, செய்தித்தாளிலே எண்ணிக்கையாக மட்டும் வரும் அந்த அறைக்கே அவனும் போகிறான்.

இதற்குச் சட்டம் என்ன சொல்லுகிறது? கவனமாகக் கேளுங்கள். நம் தோழர்களிலே பலரும் இதை அறியவில்லை. அறியாததாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24 ஆம் பிரிவு. சிறுவயதிலே செய்த குற்றத்துக்காக இந்தச் சட்டத்தின்படி நடவடிக்கைக்கு உள்ளானவனுக்கு, அந்தக் குற்றத்தீர்ப்பைக் காட்டி எந்தத் தகுதியிழப்பும் கூடாது. அது மட்டுமா? அந்த ஆவணங்களை அழித்துவிடும்படி குழுமமே காவல்துறைக்கு உத்தரவிட வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அல்லது ஏழாண்டு வரை பத்திரமாக வைத்திருக்கலாம், அதற்கு மேல் வைக்கலாகாது என்கின்றன மத்திய அரசின் 2016 ஆம் ஆண்டு மாதிரி விதிகள். அந்த இடைக்காலத்திலே? அதற்கு 74 ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கு முடிந்துபோன சிறுவனின் பதிவை, நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல்துறை வெளியிடக் கூடாது. வெளியிடக் கூடாது! சட்டத்தின் வாசகம் அவ்வளவு தெளிவு. பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் அவன் பெயரையோ படத்தையோ பள்ளியையோ போடக் கூடாது. போட்டால் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு.

இன்னொன்று. குறைந்தது ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடிய குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம், இவை தவிர மற்றவற்றிலே சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது, நிலையத்துப் பொது நாட்குறிப்பிலே எழுதினால் போதும் என்றும் அந்த விதிகள் சொல்லுகின்றன. திருட்டு, கைகலப்பு போன்றவற்றிலே பெரும்பாலானவை அந்த வகையிலே அடங்கும். அப்படியானால் அந்தப் பையன் பெயரிலே எஃப்.ஐ.ஆர். வந்தது எப்படி என்று முதல் நாளே கேட்க வேண்டியவர்கள் நாம்.

விலக்கு ஒன்று உண்டு; மறைக்காமல் சொல்லுகிறேன். பதினாறு நிறைந்தவன் கொடிய குற்றம் செய்து, குழந்தைகள் நீதிமன்றத்தாலே பெரியவனைப் போல் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றால் அவன் பதிவு அழியாது. கொலைக்கும் சைக்கிள் திருட்டுக்கும் ஒரே துடைப்பம் அல்ல.

திருடனைத் தெரிந்துகொள்ள முதலாளிக்கு உரிமை இல்லையா என்று கேட்பார்கள் கனவான்கள். ரேகைச் சட்டத்துக்கு வாதாடியவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஊர் அமைதிக்காக ஏடு வேண்டும் என்றார்கள். தண்டனைக்கு ஒரு முடிவு நாள் உண்டு, ஏட்டுக்கு இல்லை. பிறகு தண்டனை எது, ஏடு எது? 2019 இல் இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சிறுவயதிலே வந்த வழக்கைக் காட்டி, மத்தியக் காவல் படை ஒன்றிலே ஓர் இளைஞருக்கு வேலை மறுத்தார்கள். சிறுவயதுக் கறை அவனைத் தொடரக் கூடாது, துடைக்கப்பட வேண்டும், சமுதாயத்திலே இயல்பான மனிதனாக அவன் மீள வேண்டும் என்ற கருத்திலே அந்த இளைஞர் பக்கம் தீர்ப்பளித்தது மன்றம். கடல் கடந்தும் இதே போக்குத்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, சிறுவன் நன்னடத்தைக் காலத்தை ஒழுங்காக முடித்துவிட்டால் நீதிமன்றமே வழக்கைத் தள்ளி ஆவணங்களை முத்திரையிட்டு மூடிவிடுகிறது. சில வகைக் கொடுங் குற்றங்களுக்கு மட்டும் அங்கேயும் விலக்கு. மூடிய பிறகு, உன்னைக் கைது செய்தார்களா என்று யாரேனும் கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்குச் சட்டமே உரிமை தருகிறது.

நம் வட்டாரத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை. பட்டாசு ஆலையிலே வெடிமருந்தைத் தொடும் வேலைக்குப் பதினெட்டு வயது ஆகாதவனை வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனாலே வேலை வேண்டிப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று வாயாலே சொல்லிப் பழகிய பையன், காவல் நிலையத்திலே வயது கேட்டாலும் பழக்கத்திலே பதினெட்டு என்றே சொல்லிவிடுவான். அந்த ஒரு சொல்லிலே அவன் சிறுவன் என்ற பாதுகாப்பு முழுவதையும் இழந்து, பெரியவர் கோர்ட்டுக்கும் பெரியவர் சிறைக்கும் போகிறான். பெரியவர் ஏட்டிலே பெயர் ஏறுகிறது. அங்கே 24 ஆம் பிரிவு இல்லை. பெற்றவர்கள் பதற வேண்டாம். நான் அன்று சிறுவன் என்ற முறையீட்டை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகுங்கூட எழுப்பலாம் என்கிறது 9 ஆம் பிரிவு. பள்ளிச் சான்றிதழே முதல் ஆதாரம். அது இல்லையென்றால் நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆகவே எட்டாம் வகுப்போடு நின்ற பையனானாலும் பள்ளிச் சான்றிதழைப் பெட்டியிலே பத்திரப்படுத்துங்கள்.

ரோசாப்பூ துரையின் காலத்திலே ஏட்டின் பக்கம் சட்டம் நின்றது. மனிதனின் பக்கம் ஒரு சில வக்கீல்கள் நின்றார்கள். இன்று சட்டம் பையனின் பக்கம் நிற்கிறது. அவனுக்காக மனு எழுதும் ஆள்தான் குறைவு. ஏழாண்டு முடிந்ததும் ஏடு தானாகப் போய் நெருப்பிலே விழும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவன் ஏமாளி. குழுமத்தின் பழைய உத்தரவு நகலோடு போய், பதிவை அழிக்க உத்தரவிட்டீர்களா, காவல் நிலையம் அழித்ததா என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். நம் கிளைக் கழகங்களிலே ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் மனு எழுதும் தோழர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது ஒரு பக்க வேலை.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலே இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். சிறுவர் வழக்குக்கு அங்கே வக்கீல் கட்டணம் கிடையாது. 1987 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. சிவகாசிக்குப் பக்கத்து ஊர். காலைப் பேருந்திலே புறப்பட்டால் வேலை முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பையனோடு தகப்பனும் போகட்டும். பள்ளிச் சான்றிதழும் உத்தரவு நகலும் கையிலே இருக்கட்டும். மனுவின் நகலிலே தேதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.